நீண்ட ஆங்கிலப் பெயர்ச்சொற்கள் வசப்பட

சாத்தான்குளத்துப் பக்கம் இடையன்குடியில் வாழ்ந்து, 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் ஐயர் சொற்களைப் பகுத்து ஆராய்ந்த அம்முறையையே, ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகளும் அனுசரிக்கலாம்.

1. உறுப்பைப் பிரிக்க: சாத்தான்குளம் என்பதைச் சாத்தான், குளம் எனப் பிரிப்பதுபோல, ‘இன்டர்நேஷனலைசேஷன்’ என்பதில் ‘நேஷன்’ என்ற பகுதியை முதலில் கண்டு, முன்னுள்ள ‘இன்டர்’ என்ற ஒட்டையும், பின்தொடரும் விகுதிகளையும் தனித்தனியே எழுதிப் பார்த்தால், எழுத்துக்கூட்டு எளிதில் மனத்தில் பதியும்.

2. அசையை எண்ணுக: மோவாயின் கீழ்ப் புறங்கையை வைத்து, இன்-டர்-நே-ஷ-ன-லை-சே-ஷன் என நிதானமாக உச்சரித்தால், உயிரொலிதோறும் தாடை தாழ்வதால், எட்டு அசை என்பது பிரத்தியட்சமாகும்.

3. அழுத்தம் அறிக: ‘ஷன்’ என முடியும் சொற்களில் பெரும்பாலும் அதற்கு முந்திய அசையே ஓங்கி ஒலிக்கும், இங்கே அது ‘சே’.