போட்டி இல்லாத இடத்தில் வாடிக்கையாளரும் இல்லை

ஆன்லைனில் எதையாவது விற்றுப் பிழைக்கலாம் என்று இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தப் பொருளை எடுத்தால் லாபம்?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லும் தமிழ் வீடியோக்களுக்கும் குறைவில்லை. பத்துப் பொருள், இருபது பொருள் என்று பட்டியல் வாசிக்கிறார்கள். ஒரே பட்டியலை ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள், ஒரே மாதிரிச் சரக்கை எடுக்கிறார்கள். ஒருவர் 399 ரூபாய் என்று போட, அடுத்தவர் 349-க்கு இறங்க, மூன்றாமவர் 299-க்குத் தள்ளிவிட, கடைசியில் யார் கையிலும் ஒன்றும் நிற்பதில்லை.

பெரிய சந்தைக்குள் ஒரு குறிப்பிட்ட கூட்டத்துக்கு மட்டும் விற்பதை ‘நிஷ்’ என்கிறார்கள். போட்டி முற்றிவிட்ட இன்றைய நிலையில் சின்ன முதலீட்டுக்காரர் தாக்குப்பிடிக்க அதுதான் வழி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதைத் தேடும் முறை பற்றித் தவறான நம்பிக்கைகள் பரவிக் கிடக்கின்றன. உழைக்கத் தயங்காத பெண்களும் இளைஞர்களும் அவற்றை நம்பிச் சேமிப்பைத் தொலைப்பதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை: யாருமே விற்காத பொருளைப் பிடித்தால் ஜெயித்துவிடலாம்.

உண்மை: ஒரு பொருளை யாருமே விற்கவில்லை என்றால், பெரும்பாலும் அதை வாங்க ஆளில்லை, அல்லது விற்றுப் பார்த்தவர்கள் கட்டுப்படியாகாமல் விட்டுவிட்டார்கள். போட்டியாளர்கள் இருப்பது, அங்கே காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அத்தாட்சி. நாம் பார்க்க வேண்டியது, அந்தப் போட்டியாளர்களிடம் மனக்குறையோடு வாங்கிக்கொண்டிருப்பவர்கள் யார் என்பதை.

நம் ஊரிலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. 2010-ல் வாடிக்கையாளர் சேவைக்கான மென்பொருள் சந்தை ஏற்கெனவே நெரிசலாக இருந்தது. ஜென்டெஸ்க் அதில் பெரிய பெயர். அந்த ஆண்டு ஜென்டெஸ்க் விலையைக் கடுமையாக ஏற்றியதும் அதன் வாடிக்கையாளர்கள் இணையத்தில் கொதித்தார்கள். அப்போது சென்னையில் ஜோஹோ நிறுவனத்தில் இருந்த கிரீஷ் மாத்ருபூதம் அந்தச் செய்தியைப் படித்தார். நியாயமான விலையில் ஒரு மாற்றைக் கொண்டுவருபவருக்கு இங்கே நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று அதன் கீழே யாரோ எழுதியிருந்த கருத்தையும் படித்தார். அதே ஆண்டு அவரும் ஷான் கிருஷ்ணசாமியும் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார்கள். ஃப்ரெஷ்ஒர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்த நிறுவனம் 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது. அவர்கள் காலி மனையைத் தேடிப் போகவில்லை. கூட்டம் நிறைந்த சந்தையில் ஆத்திரத்தோடு நின்றவர்களைத்தான் தேடிப் போனார்கள்.

நம்பிக்கை: கீவேர்டு டூல் ‘போட்டி குறைவு’ என்று காட்டினால் அதுதான் நல்ல நிஷ்.

உண்மை: அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். எந்தச் சொல் எவ்வளவு தேடப்படுகிறது என்று காட்டும் கூகுளின் கீவேர்டு பிளானரில் போட்டி என்று ஒரு பத்தி இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு விளம்பரம் கொடுக்க எத்தனை பேர் முண்டியடிக்கிறார்கள் என்பதைத்தான் அது காட்டுகிறது. விளம்பரம் இல்லாமல் தேடல் முடிவில் முன்னே வருவது எளிதா, கடினமா என்பதற்கும் அந்தப் பத்திக்கும் சம்பந்தமில்லை. விளம்பரக்காரர்கள் ஒரு சொல்லை ஒதுக்குகிறார்கள் என்றால், அதைத் தேடுகிறவர்கள் வாங்குவதில்லை என்று அவர்கள் பணம் கட்டித் தெரிந்துகொண்டிருக்கவும் கூடும். கூகுள் டிரெண்ட்ஸ் காட்டும் 0 முதல் 100 வரையிலான எண்ணும் அப்படித்தான். அது தேடியவர்களின் எண்ணிக்கை இல்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்தில் தேடல் உச்சத்தில் இருந்த நாளை 100 என்று வைத்து, மற்ற நாட்களை அதோடு ஒப்பிட்டுச் சொல்வது. மற்றவற்றைவிடக் குறைவாகத் தேடப்படும் பொருளுக்கும் 100 வரும்.

தமிழில் விற்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே பொருளை ஒருவர் தமிழ் எழுத்தில் தேடுகிறார், இன்னொருவர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறார், அதிலும் ஆளுக்கொரு ஸ்பெல்லிங். டூலில் இவை தனித்தனிச் சொற்களாகச் சிதறிக் கிடக்கும். வாட்ஸ்அப் குழுவில் கேட்டு வாங்குகிறவர்கள் டூலின் கண்ணிலேயே படமாட்டார்கள்.

அப்படியானால் எங்கே பார்ப்பது? ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். நைட்டி. அந்தச் சொல்லைத் தேடினால் முடிவே இல்லாமல் ஓடும். ‘ஃபீடிங் நைட்டி’ என்று தேடினாலும் குவியும். டூலைக் கேட்டால் போட்டி அதிகம், வேண்டாம் என்றுதான் சொல்லும். நீங்கள் நன்றாக விற்கும் நாலைந்து நைட்டிகளைத் திறந்து, ஐந்து நட்சத்திர விமர்சனங்களை விட்டுவிட்டு, ஒன்று முதல் மூன்று நட்சத்திரம் வரை உள்ளவற்றை மட்டும் உட்கார்ந்து படியுங்கள். ஜிப்பின் முனை குழந்தையின் கன்னத்தில் உரசுகிறது என்று ஒரு தாய் எழுதியிருப்பார். எக்ஸ்எல் என்று வாங்கினால் தோளுக்குச் சரியாக இருக்கிறது, மார்புக்குப் பற்றவில்லை என்பார் இன்னொருவர். இரண்டாம் துவைப்பிலேயே சாயம் இறங்கியது, காட்டன் என்று போட்டுவிட்டு வேறு துணி அனுப்பியிருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் நாலு பேர் வந்துபோகும் இடத்தில் போட முடியாத அளவு மெலிசு: இப்படித்தான் குறைகள் வரும். இவற்றை ஒரு நோட்டில் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். ஜிப் மேல் மெல்லிய துணி மடிப்பு வைத்து, மார்பளவைக் கூட்டித் தைத்த, கனமான காட்டன் நைட்டி என்பது பட்டியல் வீடியோ எதிலும் வராது. ஆனால் அதற்காகக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களே எழுதியும் வைத்திருக்கிறார்கள். விளம்பரத்தில் என்ன வாசகம் போடுவது என்பதும் அந்த நோட்டிலேயே இருக்கிறது.

நம்பிக்கை: ரொம்பக் குறுக்கிவிட்டால் வாங்க ஆள் கிடைக்காது.

உண்மை: முருகவேல் ஜானகிராமன் 1997-ல் அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டே அங்குள்ள தமிழர்களுக்காக ஓர் இணையதளம் நடத்தினார். அதில் பல பகுதிகள் இருந்தன. திருமண வரன் பகுதிக்குத்தான் ஆட்கள் தேடி வந்தார்கள். அதைக் கவனித்து அந்த ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டதுதான் பாரத் மேட்ரிமோனியின் தொடக்கம். வெளிநாட்டில் இருக்கும் தமிழர், அதிலும் வரன் தேடுபவர் என்பது எவ்வளவு சின்னக் கூட்டம்! பின்னாளில் நிறுவனம் வளர்ந்தபோதும் எல்லாருக்கும் ஒரே தளம் என்று போகாமல், மொழிவாரியாகவும் சமூகவாரியாகவும் தளங்களைப் பிரித்துக்கொண்டே போனார்கள். 2017-ல் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது.

ஆனால் குறுக்கினால் போதும், லாபம் தானாக வரும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். இணையத்தில் அரிய பொருட்களுக்கும் சந்தை உண்டு என்ற ‘லாங் டெயில்’ (நீண்ட வால்) கருத்தை கிறிஸ் ஆண்டர்சன் 2004-ல் வயர்ட் இதழில் எழுதினார். உலகமே அதைப் பேசியது. ஹார்வர்டு பேராசிரியர் அனிதா எல்பர்ஸ் 2008-ல் விற்பனைக் கணக்குகளை எடுத்துப் பார்த்து, விற்பனை இன்னமும் பிரபலமானவற்றைச் சுற்றியே குவிகிறது என்று காட்டினார். லட்சம் அரிய பொருட்களை ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கும் அமேசானுக்கு நீண்ட வால் லாபம் தரும். அதில் ஒரே ஒரு பொருளை மட்டும் வைத்திருப்பவருக்கு, அதை வாங்கியவர் திரும்ப வந்தால்தான் பிழைப்பு.

நம்பிக்கை: வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நல்ல இடைவெளி இருந்தால் அது லாபமான நிஷ்.

உண்மை: ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்களை வைத்து நீங்களே போட்டுக்கொள்ளலாம். விற்கும் விலை 500 ரூபாய். பொருள் 180, பேக்கிங் 20, கூரியர் 70, ஓர் ஆர்டரைப் பிடிக்க விளம்பரச் செலவு 120. மீதி 110. வரியைச் சேர்க்கவில்லை. பத்து ஆர்டருக்கு 1,100 ரூபாய் லாபம் என்று மனசு கணக்குப் போடும்.

ஆனால் எல்லாமே கேஷ் ஆன் டெலிவரி என்று வைத்துக்கொள்வோம். பத்தில் மூன்று பார்சல் வீட்டில் ஆளில்லை, வேண்டாம், போன் எடுக்கவில்லை என்று திரும்பி வருகிறது. திரும்பி வந்த ஒவ்வொன்றுக்கும் போக 70, வர 70, பேக்கிங் 20, விளம்பரம் 120. பொருள் பழுதில்லாமல் வந்தாலும் 280 ரூபாய் போச்சு. மூன்றுக்கு 840. விற்ற ஏழில் கிடைத்தது 770. பத்து ஆர்டர் எடுத்து, இராப்பகலாகப் பேக் செய்து, 70 ரூபாய் நட்டம். ரிட்டர்ன் ஒன்றாகக் குறைந்தால் அதே பத்து ஆர்டரில் 710 ரூபாய் நிற்கும். பொருளும் விலையும் மாறவில்லை, ரிட்டர்ன் மட்டும்தான் மாறியிருக்கிறது.

அதே வாடிக்கையாளர் இரண்டாம் முறை தானாகவே வந்து வாங்கினால் விளம்பரச் செலவு 120-ம் மிச்சம். 110 இருந்த இடத்தில் 230. அதனால் நிஷ் தேடும்போது நான் முதலில் கேட்கச் சொல்லும் கேள்விகள் மூன்று. இதை வாங்கியவர் மறுபடி எப்போது வாங்குவார்? அளவோ நிறமோ பிடிக்காமல் திருப்பி அனுப்ப எவ்வளவு வாய்ப்பு? பணத்தை முன்கூட்டியே அனுப்பும் அளவுக்கு அவருக்கு அவசரமா? சாம்பார் பொடிக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் உள்ள வித்தியாசம் இதில்தான் வருகிறது. மேலே சொன்ன ஃபீடிங் நைட்டிக்கும் இந்தச் சோதனை உண்டு. குழந்தை பால் மறந்ததும் அந்தத் தேவை முடிந்துவிடும். அந்தத் தாய்க்கு அடுத்து என்ன வேண்டும் என்று யோசித்து வைக்காவிட்டால், ஒவ்வொரு மாதமும் புதுத் தாய்மார்களைக் காசு கொடுத்துத் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நம்பிக்கை: இப்போது டிரெண்டில் இருப்பதைச் சட்டென்று பிடித்தால் சீக்கிரம் சம்பாதிக்கலாம்.

உண்மை: 2017-ல் ஃபிட்ஜெட் ஸ்பின்னர் உலகம் முழுக்கப் பறந்தது. சில மாதங்களில் அடங்கியது. முதலில் நுழைந்தவர்கள் சம்பாதித்தார்கள், தாமதமாகச் சரக்கு எடுத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். டிரெண்ட் உங்கள் காதுக்கு எட்டும்போது மற்றவர்களின் சரக்கு பெரும்பாலும் ஏற்கெனவே கப்பலில் இருக்கும்.

நம்பிக்கை: ஷேர் மார்க்கெட், உடல்நலம் பற்றி வீடியோவிலோ வலைப்பக்கத்திலோ பேசினால் விளம்பர வருமானம் அதிகம், அதையே நிஷ்ஷாக எடுக்கலாம்.

உண்மை: இந்தத் துறைகளில் ஒரு கிளிக்குக்கு அதிகப் பணம் கிடைப்பதற்குக் காரணம், பெரிய நிறுவனங்கள் வாடிக்கையாளரைப் பிடிக்க அவ்வளவு செலவழிப்பதுதான். நீங்கள் போட்டியிட வேண்டியதும் அவர்களோடுதான். பணம், உடல்நலம் பற்றிய பக்கங்களைக் கூகுள் மற்றவற்றைவிடக் கண்டிப்பாக எடை போடுகிறது. காசு வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை சொல்ல, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபியில் பதிவு வேண்டும். படிப்பும் அனுபவமும் இல்லாமல் மருந்து சொல்வது அடுத்தவர் உயிரோடு விளையாடுவது. அந்த வருமானம் வேண்டாம்.

நம்பிக்கை: ஒரு தளத்தில் ஃபாலோயர்கள் சேர்ந்துவிட்டால் நிஷ் நம் கையில்.

உண்மை: 2020 ஜூன் 29-ல் மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. அதில் டிக்டாக்கும் ஒன்று. லட்சக்கணக்கில் ஃபாலோயர்கள் வைத்திருந்தவர்கள் அவர்களைத் தொடர்புகொள்ள வழியில்லாமல் நின்றார்கள். வாங்கியவரின் போன் எண்ணை, அவர் சம்மதத்தோடு, முதல் ஆர்டரிலிருந்தே உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள்.

நம்பிக்கை: ஆன்லைனில் விற்றால் ஒரு ரூபாய்க்கும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம்.

உண்மை: 2023 அக்டோபர் 1 முதல் விதி தளர்ந்திருக்கிறது. பொருள் விற்பவர் தன் மாநிலத்துக்குள் மட்டும் விற்று, ஆண்டு விற்பனை பதிவு வரம்புக்குள் இருந்தால் (தமிழ்நாட்டில் பொருட்களுக்கு 40 லட்சம் ரூபாய்), ஜிஎஸ்டி தளத்தில் ஓர் எண் மட்டும் பெற்றுக்கொண்டு, முழுப் பதிவு இல்லாமலே அமேசான் போன்ற தளங்களில் விற்கலாம். மாநிலம் தாண்டி அந்தத் தளங்களில் விற்க வேண்டுமானால் பதிவு தேவை. நிஷ் குறுகக் குறுக உங்கள் வாடிக்கையாளர்கள் பெங்களூரு, மும்பை என்று சிதறியிருப்பார்கள். அதனால் இதைத் தொடக்கத்திலேயே ஒரு கணக்காளரிடம் கேட்டுத் தீர்மானித்துவிடுங்கள். வீட்டில் செய்த பொடி, ஊறுகாய், தின்பண்டம் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் பதிவு கட்டாயம். சின்ன அளவில்தானே செய்கிறோம் என்று விட்டுவிடக் கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நிஷ் சொல்லித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் கட்டுவதற்கு முன்னால், உங்கள் மனதில் இருக்கும் பொருளுக்கு ஒரே ஒரு மாதிரி செய்யுங்கள். நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, அது யாருக்குத் தேவை என்று நினைக்கிறீர்களோ அவர்களிடம் விலையோடு காட்டுங்கள். சொந்தக்காரர்களிடம் காட்டாதீர்கள், அவர்கள் உங்கள் மனம் நோகாமல் பேசுவார்கள். "சூப்பர்" என்று சொன்னவர்களைக் கணக்கில் எடுக்காமல், முன்பணம் அனுப்பியவர்களை மட்டும் எண்ணுங்கள். ஒருவரும் அனுப்பவில்லை என்றால் ஏன் என்று அவர்களிடமே கேட்டு, பொருளை மாற்றி மறுபடி காட்டுங்கள். முன்பணம் வரும்வரை மொத்தமாகச் சரக்கு எடுக்காதீர்கள், தயவுசெய்து நகையை அடகு வைக்காதீர்கள்.