பாடம் 9: ரோபோ ஏன் நின்றது?

இந்தப் பாடத்தில் நாம் ஒரு சின்ன ரோபோவைத் திருத்தப் போகிறோம். ரோபோ நின்றுவிட்டால் பலர் உடனே எல்லா வயரையும் பிடுங்குவார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். முதலில் கேள்வி கேட்க வேண்டும். என்ன கேள்வி? வாசித்துப் பாருங்கள்.

1. ரோபோவின் மூளை

ராஸ்பெரி பை என்பது வங்கி அட்டை அளவான ஒரு சிறிய கணினி. இந்தப் 'பை' நீங்கள் தோளில் போடும் பை அல்ல! லண்டனில் ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் கேம்பிரிட்ஜ் வந்துவிடும். அந்த ஊரில்தான் இதை உருவாக்கினார்கள். இது 2012 பெப்ரவரி 29ஆம் திகதி விற்பனைக்கு வந்தது. 2013இல் இதற்கென்று ஒரு குட்டிக் கமராவும் வந்தது.

2014இல் கேம்பிரிட்ஜில் 'பை வார்ஸ்' என்ற ரோபோப் போட்டி தொடங்கியது. அதில் சில சவால்களில் ரோபோவைக் கொன்ட்ரோலரால் ஓட்ட வேண்டும். சிலவற்றில் ரோபோ தானாகவே ஓட வேண்டும். அப்போது கமரா அதற்குக் கண் போல உதவும்.

கமராவின் படம் தட்டையான ஒரு நாடா வயர் வழியாகக் கணினிக்கு வருகிறது. கொன்ட்ரோலரின் கட்டளை வயர் இல்லாமல் புளூடூத் வழியாக வருகிறது. பாதைகள் இரண்டு. ஆனால் கணினிக்கும் கமராவுக்கும் மின்சாரம் கொடுப்பது ரோபோவில் உள்ள ஒரே பற்றரிதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2. அக்காவும் தம்பியும்

(இருவர் சேர்ந்து வாசிக்கவும். இது பேச்சுத் தமிழ்.)

தம்பி: அக்கா, கமராவில படம் இல்லை. கொன்ட்ரோலரும் அடிக்கடி விட்டுப்போகுது. எல்லாத்தையும் கழட்டித் திரும்பப் பூட்டுவமா?

அக்கா: பொறு, பொறு. எல்லாத்தையும் மாத்தினா எது பிழை எண்டு எப்பிடித் தெரியும்? ஒரு நேரத்தில ஒண்டை மட்டும் மாத்துவம். முதல்ல ரோபோவை ஒரு தடிச்ச புத்தகத்துக்கு மேல வை. சில்லு மேசையில படக்கூடாது.

தம்பி: ஏன்?

அக்கா: திடீரெண்டு ஓடினா கீழ விழுந்திடும். சரி, கொன்ட்ரோலர் எப்ப விட்டுப்போகுது?

தம்பி: சில்லு சுத்தத் தொடங்கின உடன.

அக்கா: புளூடூத்தை விடு. கொன்ட்ரோலரை வயரால பூட்டிப் பார்.

தம்பி: அப்பவும் அப்பிடித்தான்! சில்லு சுத்தின உடன எல்லாம் நிக்குது. திரையில ஒரு மின்னல் அடையாளமும் வருது.

அக்கா: அப்ப பிழை புளூடூத்தில இல்லை. மின்னல் வந்தா கணினிக்கு மின்சாரம் காணாது எண்டு அர்த்தம். மோட்டர் கனக்க மின்சாரத்தை இழுக்குது. பற்றரியைச் சார்ஜ் பண்ணுவம்.

(பற்றரி சார்ஜ் ஆன பிறகு)

தம்பி: இப்ப வயர் இல்லாமலே நல்லா ஓடுது! ஆனா படம் இன்னும் வரயில்லை.

அக்கா: அப்ப அதுக்குக் காரணம் வேற. கணினியை நிப்பாட்டிப் பற்றரியைக் கழட்டு. இப்ப நாடா வயரைப் பார். பளபளக்கிற கோடுகள் எந்தப் பக்கம் இருக்கு?

தம்பி: ஐயோ! மறுபக்கமாப் பூட்டி இருக்கு!

அக்கா: அந்தச் சின்னப் பூட்டை மெதுவாத் தூக்கு. வயரைத் திருப்பி, நேரா உள்ள விடு. பிறகு பூட்டை அழுத்து.

தம்பி: படம் வருது! அக்கா, உங்கட மூக்கு பெரிசாத் தெரியுது!

3. உண்மைக் கதை: படம் எடுத்தால் அணையும் கணினி

2015 பெப்ரவரியில் ராஸ்பெரி பை 2 வெளிவந்தது. அதை வாங்கிய ஒருவர் அதைப் படம் எடுத்தார். பளிச்! கமராவின் ஃபிளாஷ் அடித்ததும் கணினி அணைந்துவிட்டது. மறுபடி எடுத்தார். மறுபடியும் அணைந்தது.

சாதாரண அறை வெளிச்சத்தில் ஒன்றும் நடக்கவில்லை. செனன் ஃபிளாஷ் போன்ற மிகப் பலமான வெளிச்சத்தில்தான் அணைந்தது. அந்தப் பலகையில் பல பாகங்கள் உண்டு. இதில் எது காரணம்? யூ16 என்ற ஒரு சின்னச் சிப்பை மூடிவிட்டுப் படம் எடுத்தார்கள். கணினி அணையவில்லை!

அந்தச் சிப் கணினியின் மின்சாரத்தைச் சீராக வைத்திருக்கும். அதற்குக் கறுப்பு உறை இல்லை. அதனால் பலமான வெளிச்சம் உள்ளே போய் அதைக் குழப்பியது. இதற்கு என்ன மருந்து தெரியுமா? சுவரில் படம் ஒட்டும் புளூ டக்! அதில் ஒரு துளி எடுத்துச் சிப்பின் மேல் வைத்தால் போதும்.

ஒரு பாகத்தை மட்டும் மூடிப் பார்த்ததால்தான் விடை கிடைத்தது. அக்கா செய்ததும் இதே வேலைதான்.

4. நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

• எப்போது நிற்கிறது? எப்போதுமா, சில்லு சுற்றும்போது மட்டுமா?
• இரண்டும் ஒன்றாக நிற்கின்றனவா? அப்படியானால் இரண்டுக்கும் பொதுவானது எது?
• கமராவின் நாடா வயர் நேராகவும் சரியான பக்கமாகவும் இருக்கிறதா?
• கொன்ட்ரோலர் முன்பு வேறு கருவியோடு இணைந்திருந்ததா? அப்படியானால் அதை மறுபடி உங்கள் ரோபோவோடு சோடி சேர்க்க வேண்டும்.
• கணினி உலோகப் பெட்டிக்குள் இருக்கிறதா? உலோகம் புளூடூத் அலைகளைத் தடுக்கும்.

இன்னொன்று. ஓடும்போது இணைப்பு விட்டுப்போனால், கடைசியாக வந்த கட்டளையோடு ரோபோ ஓடிக்கொண்டே இருக்கலாம். முன்னால் தங்கச்சியின் கால் இருந்தால்? அதனால் இணைப்பு போனதும் மோட்டர் நிற்கும்படி புரோகிராம் எழுதுங்கள். இது விளையாட்டு விஷயம் அல்ல.

பயிற்சி

அ. சொற்பொருள்
சில்லு – சக்கரம்
நாடா – பட்டையான, மெல்லிய துண்டு
காணாது – போதாது
கனக்க – நிறைய
கட்டளை – 'இதைச் செய்' என்று சொல்வது

ஆ. பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழில் எழுதுக.
எண்டு – என்று
ஒண்டை – ஒன்றை
1. மாத்துவம் – ________
2. நிக்குது – ________
3. உங்கட – ________

இ. விடை எழுதுக.
1. ரோபோவை ஏன் புத்தகத்தின் மேல் வைத்தார்கள்?
2. பிழை புளூடூத்தில் இல்லை என்று அக்காவுக்கு எப்படித் தெரிந்தது?
3. யூ16 சிப்பை மூடியபோது என்ன நடந்தது?

ஈ. செய்து பார்ப்போம்
உங்கள் வீட்டில் வேலை செய்யாத ஒரு ரோர்ச் லைட்டை எடுங்கள். பற்றரியா, பல்பா, சுவிச்சா பிழை? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் என்ன மாற்றினீர்கள், என்ன நடந்தது என்று ஐந்து வசனங்கள் எழுதி, அடுத்த வகுப்பில் வாசியுங்கள்.