விரிப்பிட்ட நீர்த்தாங்கியில் ஒழுக்கைக் கண்டறிந்து அடைத்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாது ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லினூடே இறங்கி நிலத்தடியில் தங்கும் மழைநீரையே கமக்காரர் கிணற்றிலிருந்து இறைத்து, வெங்காயத்திற்கும் மிளகாய்க்கும் பாய்ச்சுகின்றனர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவர்ப்படையும். ஆதலால், இறைத்த நீர் தாங்கியிலிருந்து வீணே ஒழுகாது காத்தல் இன்றியமையாதது. நிலத்தின்மேல் சுவர் எழுப்பி உள்ளே விரிப்பு இட்ட தாங்கிகளில் ஒழுக்கைக் கண்டறியும் முறை கீழே தரப்படுகின்றது.

ஒழுக்கோ, ஆவியாதலோ?

நீர்மட்டம் குறைவதெல்லாம் ஒழுக்கன்று; வெயிலாலும் காற்றாலும் நீர் ஆவியாகும். ஒரு வாளியில் தாங்கி நீரை நிரப்பி, அடியிற் கல்லிட்டு, வாய் மேலே தெரியும்படி தாங்கியினுள் நிறுத்தி வைத்தல் வேண்டும். வாளியினுள்ளும் தாங்கிச் சுவரிலும் நீர்மட்டத்தைக் குறித்து, மழையில்லாத ஒரு நாள் முழுவதும் நீரை எடுக்காதும் விடாதும் இருத்தல் வேண்டும். மறுநாள் அதே நேரத்தில் இரண்டும் ஒத்த அளவு குறைந்திருப்பின் ஒழுக்கில்லை.

வாளியில் 6 மில்லிமீற்றரும் தாங்கியில் 16 மில்லிமீற்றரும் குறைந்தால், 10 மில்லிமீற்றர் ஒழுகியதாகும். 5 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் உள்ள தாங்கியில் இது நாளொன்றுக்கு 200 லீற்றர். 30 நாளில் 6,000 லீற்றர்.

ஓட்டை இருக்குமிடம்

முதலில் வெளியேறு குழாய் பொருத்திய இடத்தையும், பின்னர் மூலைகள், மடிப்புகள், பொருத்துகளையும் பார்த்தல் வேண்டும். சுவரின் வெளியே ஈரம் காணும் இடத்திற்கு நேரே ஓட்டை இராமலும் போகலாம். விரிப்பின் பின்னால் நீர் வழிந்து வேறிடத்தில் வெளிப்படுதல் உண்டு. நீர் ஒரு மட்டத்தில் குறைவது நின்றால், ஓட்டை அம்மட்டத்தை ஒட்டியே இருக்கும். நீர் அசையாதிருக்கும்போது உணவுக்கு இடும் நிறக்கரைசலைச் சந்தேகமான இடத்தருகே மெல்ல விட்டால், நிறம் ஓட்டையை நோக்கி இழுக்கப்படும்.

சுவரின் அடிமண் நனைந்து இளகியிருந்தால் தாமதிக்கலாகாது. ஒரு கனமீற்றர் நீர் ஒரு தொன் நிறையுடையது; சுவர் சாயக்கூடும். உடனே நீரைப் பயிருக்குப் பாய்ச்சித் தாங்கியை வெறுமையாக்கி, பிள்ளைகளை அருகே விடாது தடுத்தல் வேண்டும்.

ஒட்டுப் போடுதல்

நீரை ஓட்டைக்குக் கீழே இறக்கி, அவ்விடத்தைக் கழுவி நன்கு உலர்த்துதல் வேண்டும். ஒட்டுத் துண்டு விரிப்பின் இனத்ததாகவே இருத்தல் நன்று. ஓட்டையின் எல்லாப் பக்கமும் 5 சென்ரிமீற்றர் மிஞ்சும்படி வெட்டி, மூலைகளை வட்டமாக்குதல் வேண்டும். கூரிய மூலை விரைவிற் கிளம்பும். பீ.வீ.சீ. விரிப்பிற்கு அதற்குரிய பசையைப் பூசி, நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் காற்றை அகற்றி அழுத்துதல் வேண்டும். பொலித்தீனில் சாதாரணப் பசை ஒட்டாது; சூட்டால் இளக்கி ஒட்டுதலோ, பியூட்டைல் இறப்பர் நாடாவோ வேண்டும். ஒட்டு முற்றாக இறுகிய பின்னரே நீர் நிரப்புதல் தகும்.

மீண்டும் கிழியாது காத்தல்

ஓட்டைக்குக் காரணமான கல்லையோ வேரையோ அகற்றாது ஒட்டுப் போடுவதாற் பயனில்லை. கோரைக் கிழங்கின் முளை பொலித்தீனையும் துளைத்துவிடும்; ஆதலின் புது விரிப்பு இடுமுன் கோரையைக் கிழங்கோடு அகற்றி, நிலத்தை மட்டமாக்கி, மெல்லிய மணற்படை பரப்புதல் வேண்டும். வெறுந்தாங்கியின் விரிப்பை வெயிலில் நெடுநாள் விடலாகாது. ஒட்டுப் போட்டபின் வாளிச் சோதனையை மீண்டும் செய்து, இரு குறிகளும் ஒத்துக் குறைவதைக் கண்ட பின்னரே வேலை முடிந்ததெனக் கொள்ளுதல் வேண்டும்.