பந்தயத்தில் வெல்வது காரா, காரோட்டியா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

சோழவரம் என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி. ஆனால், ஒரு தலைமுறைக்கு முன்பு சோழவரம் என்றால் கார் பந்தயம் என்றே பொருள். இரண்டாம் உலகப் போரின்போது விமானங்கள் இறங்குவதற்காக அமைக்கப்பட்ட ஓடுதளம் ஒன்று அங்கே இருந்தது. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், போர் முடிந்தபின் பயனின்றிக் கிடந்த அந்த ஓடுதளத்தைப் பந்தயத் திடலாக்கியது. கல்கத்தா, பம்பாய், பெங்களூர் ஆகிய நகரங்களிலிருந்து கார்களும் மோட்டார் சைக்கிள்களும் வந்தன. பல்லாயிரக்கணக்கான மக்கள் வெயிலையும் புழுதியையும் பொருட்படுத்தாது கூடி நின்று பார்த்தனர். அந்தச் சோழவரம் இன்று நமது திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பது நம் மாணவர்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

மோட்டார் பந்தயத்தில் பல வகைகள் உண்டு. அவற்றுள் சில ஒரு காலத்தில் புகழ் பெற்றுப் பின்னர் மங்கின. சில இன்று மேலோங்கி நிற்கின்றன. இதற்குக் காரணம் என்ன? எந்த வகைப் பந்தயத்தில் உண்மையான போட்டி இருக்கிறது? இவ்விரு வினாக்களையும் நான் பயிலும் இயற்பியலின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இது வெறும் பொழுதுபோக்கு ஆராய்ச்சியன்று. நம் வயது இளைஞர்களின் உயிரோடு தொடர்புடையது என்பதை முடிவில் காண்போம்.

சோழவரக் காலம்

சோழவரத்தின் திடல் 'டி' என்னும் ஆங்கில எழுத்தின் வடிவில் அமைந்திருந்தது. விமான ஓடுதளமாகையால் நீண்ட நேர்ப்பாதைகள் மிகுதி. நேர்ப்பாதையில் வெல்வது எஞ்சினின் திறன். வெளிநாட்டுக் கார்களின் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம் அது. நம் நாட்டில் கிடைத்தவை அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய கார்களே. ஆர்வமுள்ளோர் இவற்றின் எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் கழற்றி, தாமே இரும்புக் குழாய்களை இணைத்துச் செய்த சட்டத்தில் பொருத்திப் பந்தயக் கார்களை உருவாக்கினர். செல்வந்தர் சிலரோ வெளிநாட்டுப் பந்தயக் கார்களையே கொண்டு வந்து ஓட்டினர். ஹெரால்டு எஞ்சின் எங்கே, அயல்நாட்டுப் பந்தய எஞ்சின் எங்கே! முடிவு பெரும்பாலும் முன்பே தெரிந்ததுதான். ஆயினும் கூட்டம் குறையவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் திருவிழா போல மக்கள் அதனை எதிர்பார்த்தனர்.

இதிலிருந்து முதல் உண்மை ஒன்று விளங்குகிறது. மக்கள் செல்வாக்கு வேறு, போட்டியின் கடுமை வேறு. இரண்டும் எப்போதும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதில்லை.

உலக அரங்கிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. 1988-ஆம் ஆண்டு பார்முலா ஒன் பந்தயங்கள் 16-இல் 15-ஐ மெக்லாரன் அணியே வென்றது. 2023-இல் 22 பந்தயங்களில் 21 ரெட்புல் அணிக்குச் சென்றன. போட்டி என்று சொல்லவும் தயங்க வேண்டிய நிலை. ஆனால், அதே 2023-இல்தான் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரத் தெருக்களில் புதிதாகப் பார்முலா ஒன் பந்தயம் தொடங்கியது. முந்திய ஆண்டில் மயாமியில் தொடங்கியிருந்தது. மாறாக, அதே அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் பந்தயத்தைச் சார்ந்த கார் பந்தயம் 1996-இல் நிர்வாகச் சச்சரவால் இரண்டாகப் பிளந்தது. 2008-இல் மீண்டும் ஒன்றாகும் முன்பே அதன் செல்வாக்கு வெகுவாகச் சரிந்துவிட்டது.

வேகத்தின் விலை

திறந்த விதிகளுள்ள பந்தயத்தில் பணம் ஏன் வெல்கிறது? இதற்கு இயற்பியல் எளிய விடை தருகிறது. வேகமாகச் செல்லும் காரை எதிர்க்கும் முதன்மையான விசை காற்றின் தடை. அத்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. ஆகவே, காற்றை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. அதாவது, காற்றுத் தடையை மட்டும் கணக்கில் கொண்டால், வேகத்தை இரு மடங்காக்க வேண்டுமானால் 50 குதிரைத் திறன் உள்ள இடத்தில் 400 குதிரைத் திறன் வேண்டும். வேகத்தைப் பத்து விழுக்காடு மட்டும் கூட்ட வேண்டுமாயினும் திறனை ஏறத்தாழ 33 விழுக்காடு கூட்ட வேண்டும். கடைசிச் சில கிலோமீட்டர் வேகத்துக்குத்தான் மிகுந்த பணம் செலவாகிறது. அந்தப் பணம் உள்ளவரே முன்னால் செல்கிறார். பார்முலா ஒன் நிர்வாகமே இதனை உணர்ந்து 2021 முதல் அணிகளின் செலவுக்கு உச்சவரம்பு விதித்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பந்தயக் கார்களின் இறக்கைகள் காற்றைக் கொண்டு காரைத் தரையோடு அழுத்துகின்றன. அதனால் திருப்பத்தில் சக்கரம் வழுக்குவதில்லை. ஆனால், முன்னால் செல்லும் கார் கலக்கிவிட்ட காற்றில் பின்னால் வரும் காருக்கு அந்த அழுத்தம் குறைகிறது. வேகமான காரும் முந்த முடியாமல் தவிக்கிறது. இதைச் சரிசெய்யவே 2022-இல் காரின் அடிப்பகுதியால் அழுத்தம் பெறும் முறையைப் பார்முலா ஒன் மீண்டும் ஏற்றது. அம்முறை 1982-க்குப் பின் விலக்கப்பட்டிருந்ததாகும்.

மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இத்தொல்லை மிகக் குறைவு. அங்கே ஓட்டுபவரின் உடலே கருவி. 60 மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க வேண்டுமானால், வண்டி ஏறத்தாழ 47 டிகிரி சாய வேண்டும் என்பது நம் முதலாண்டு வகுப்பில் பயின்ற சூத்திரம். அந்தச் சாய்வில் துணிவும் பயிற்சியுமே வெல்கின்றன. முன் செல்லும் வண்டியின் காற்று மறைவில் ஒட்டிச் சென்று நேர்ப்பாதையில் முந்துவதும் எளிது. ஆகவே ஒரே சுற்றில் பலமுறை இடம் மாறுவதை அங்கே காணலாம்.

மாருதி தந்த மாற்றம்

1983-இல் மாருதி 800 கார் வெளிவந்தது. நாடெங்கும் ஒரே வகையான, நம்பத்தக்க, சிறிய எஞ்சின் கிடைக்கலாயிற்று. கோவையைச் சேர்ந்த திரு. எஸ். கரிவர்தன் இதன் பயனை உணர்ந்தார். மாருதியின் எஞ்சினைப் பொருத்தி, ஒற்றை இருக்கையுள்ள சிறு பந்தயக் கார்களை ஒரே வார்ப்பாக உருவாக்கினார். அதுவே பார்முலா மாருதி. எல்லோருக்கும் ஒரே கார், ஒரே எஞ்சின் என்றானபின் வெல்வது காரோட்டியின் திறமையே அன்றி வேறில்லை. 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் திடல் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதற்கிடையே 1990-இல் பந்தயம் சோழவரத்தை விட்டு, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைக்குச் சென்றது. ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமும் பன்னிரண்டு திருப்பங்களும் கொண்ட நிரந்தரத் திடல் அது. நேர்ப்பாதையை நம்பிய சோழவரத்தைவிடத் திருப்பங்களை நம்பிய இத்திடல், திறமைக்கு அதிக இடம் தந்தது. இத்திடலில் பார்முலா மாருதியில் தம் முதல் பந்தயத்தை ஓட்டிய கோவை இளைஞர் நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து, பார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு இண்டியானாபொலிஸில் டயர்ச் சிக்கலால் பதினான்கு கார்கள் விலக, ஆறே கார்கள் ஓடிய பந்தயத்தில் நான்காம் இடம் பெற்றார். 2010-இல் சென்னையின் கருண் சந்தோக் அவரைத் தொடர்ந்தார்.

சிறிய எஞ்சின் தந்த ஏணி எவ்வளவு உயரம் எட்டியது என்பதற்கு இதுவே சான்று. எனினும் சோழவரத்தின் கூட்டம் இருங்காட்டுக்கோட்டைக்கு வரவில்லை. ஆண்டுக்கொரு திருவிழா, பல சுற்றுகளாகப் பிரிந்த போட்டியாயிற்று. தொலைக்காட்சியில் உலகப் பந்தயங்கள் வீட்டுக்கே வந்தன. போட்டி உயர்ந்தது, செல்வாக்கு தாழ்ந்தது.

திருவள்ளூரும் ராலியும்

திடலில் ஓடுவது ஒரு வகையென்றால், காட்டுப் பாதையிலும் மண் சாலையிலும் காலத்தோடு போட்டியிடும் ராலி மற்றொரு வகை. 1980-இல் தொடங்கிய இமாலய ராலி அக்காலத்தில் பெரும் புகழ் பெற்றிருந்தது. இதற்கும் நம் ஊருக்கும் ஓர் உறவு உண்டு. திருவள்ளூரை அடுத்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார்கள் உருவாயின. 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் பின்லாந்தின் டோமி மாக்கினென் உலக ராலிப் பட்டம் வென்றது லான்சர் குடும்பத்துக் காரில்தான். பின்னர் இங்கு உருவான சீடியா கார்கள் இந்திய ராலிகளில் ஓடின. அவற்றை ஓட்டிய டில்லியின் கௌரவ் கில், 2019-இல் மோட்டார் பந்தயத்துக்காக அர்ஜுனா விருது பெற்ற முதல் வீரரானார். காரைச் செய்த கைகள் நம் ஊர்க் கைகள். ஓட்டும் வாய்ப்புத்தான் நம் ஊருக்கு வரவில்லை.

ஆடம்பரமும் அடித்தளமும்

2011 முதல் 2013 வரை டில்லி அருகே புத்தா திடலில் மூன்று முறை பார்முலா ஒன் நடைபெற்றது. மூன்றையும் ஜெர்மனியின் செபாஸ்டியன் வெட்டலே வென்றார். கேளிக்கை வரித் தகராறு முதலியவற்றால் அது நின்றது. 2023 பிப்ரவரியில் ஐதராபாத்தில் நடந்த மின்சாரக் கார் பந்தயம் 2024-இல் கைவிடப்பட்டது. 2023 செப்டம்பரில் புத்தா திடலில் நடந்த மோட்டோ ஜி.பி.யும் மறு ஆண்டில் நடைபெறவில்லை. சென்னையிலோ, மிக்ஜாம் புயலால் 2023 டிசம்பரில் தள்ளிவைக்கப்பட்ட பார்முலா 4 தெருப் பந்தயம், 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் பாதையில் இரவு விளக்கொளியில் நடந்தது. அரசு இதற்குச் செலவிடலாமா என்ற வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றபோது, அதுவரை பந்தயமே பாராதவர்களும் அதைப் பற்றிப் பேசினர்.

இவையெல்லாம் செல்வாக்கைக் கூட்டுவன. நான் இவற்றுக்கு எதிரியல்லன். ஆனால், பார்த்தவருள் ஒருவருக்கேனும் நாளை ஓட்ட வழியுண்டா என்பதே என் கேள்வி.

எங்கள் மணவாள நகர்ப் பகுதியில் தொழிற்சாலை வேலைக்குச் செல்லும் இளைஞர் பலரிடம் தவணையில் வாங்கிய மோட்டார் சைக்கிள் உண்டு. இரவுப் பணி முடிந்து சாலை வெறிச்சோடும் நேரத்தில் யார் வண்டி முந்துகிறது என்று பார்ப்பவரும் அவர்களுள் உண்டு. என்னோடு பள்ளியில் படித்த ஒருவன் அப்படியோர் இரவுக்குப் பின் ஊன்றுகோலோடு நடக்கிறான். அவனுக்கு வேக ஆசை இருந்தது குற்றமன்று. தலைக்கவசமும், மணல் நிரப்பிய ஓரப்பகுதியும், மருத்துவ ஊர்தியும் உள்ள ஓரிடத்தில் அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ள அவனுக்கு வழியில்லை. மணவாள நகரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் சென்றால் இருங்காட்டுக்கோட்டை தொலைவில்லை. ஆனால் நுழைவுக் கட்டணமும், தோலுடையும், உரிமமும், டயரும் சேர்ந்தால் அது எட்டாத தொலைவு.

செய்யத் தக்கவை

மேலே கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று: புகழ் மிக்க பந்தயமே சிறந்த போட்டி என்று கருதுதல் தவறு. இரண்டு: விதி எத்துணை இறுக்கமாகவும் எஞ்சின் எத்துணைச் சிறியதாகவும் உள்ளதோ, அத்துணைத் திறமைக்கு இடமுண்டு. மூன்று: செலவு குறைந்த ஒரே வார்ப்புப் பந்தயமே ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கதவு.

ஆகவே, நூறு அல்லது நூற்றைம்பது சி.சி. வண்டிகளைப் பந்தய நிர்வாகமே தந்து, கல்லூரி மாணவருக்கும் தொழிற்சாலை இளைஞருக்கும் ஆண்டுக்குச் சில நாட்கள் திடலைத் திறந்துவிடலாம். கோவைத் திடலில் பொறியியல் மாணவர்கள் தாமே செய்த கார்களோடு கூடும் பார்முலா பாரத் போட்டியைப் போல, கலை அறிவியல் கல்லூரி மாணவரும் பங்கேற்கும் போட்டிகள் அமைய வேண்டும். இயற்பியல் மாணவன் காற்றுத் தடையைக் கரும்பலகையில் மட்டும் கற்க வேண்டுவதில்லை.

சோழவரத்தில் கூடிய மக்கள் வேலிக்கு அப்பால் நின்று பார்த்தவர்கள். அவர்தம் பேரப்பிள்ளைகளுள் சிலராவது வேலிக்கு உள்ளே சென்று ஓட்டும் நாள் வர வேண்டும். அதற்கான வழியை அரசும், பந்தய அமைப்புகளும், நம் மாவட்டத்து வாகனத் தொழிற்சாலைகளும் சேர்ந்து வகுக்குமாயின், நள்ளிரவுச் சாலையில் நம் நண்பர்கள் சிந்தும் குருதி குறையும் என்பதில் ஐயமில்லை.