இருதய மாத்திரையும் அதன் அளவும்



தீமோத்தேயுவின் வயிற்று பலவீனத்திற்குத் திராட்சரசம் சொன்ன பவுல், அளவையும் சேர்த்தே எழுதினார் (1 தீமோ. 5:23), தாராளமாய் என்று எழுதவில்லை. இந்தப் பாடத்தைச் சோலூரிலிருந்து வந்த ஒரு பாட்டியம்மாவின் கட்டிலருகே நாங்கள் மறுபடியும் படித்தோம்.

அவர்கள் இருதயத்திற்கு டிஜாக்சின் சாப்பிட்டு வந்தார்கள். சில வாரங்களாய்ச் சோறு இறங்கவில்லை, வாந்தி, பார்ப்பதெல்லாம் மஞ்சளாய்த் தெரிந்தது. வயதாகிவிட்டது என்றார்கள் வீட்டார். ஜெபிக்கப் போன நாங்களும் அப்படியே நினைத்தோம். டாக்டரோ இரத்தம் எடுத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார். ஒரு மில்லிலிட்டரில் இம்மருந்து ஒரு நானோகிராமுக்குள் இருப்பது நல்லது. இரண்டைத் தாண்டினால் ஆபத்து. ஒரு கிராமை நூறு கோடியாய்ப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் நானோகிராம். பாட்டியம்மாவுக்கு இரண்டைத் தாண்டியிருந்தது. தாறுமாறான துடிப்புக்கென்று புதிதாய்ச் சேர்ந்த அமியோடரோன் மாத்திரை, டிஜாக்சினை இரத்தத்தில் ஏற்றிவிட்டிருந்தது.

ஒரு மருந்து இன்னொன்றை இப்படி ஏற்றிவிடும் என்பது தெரியவந்த கதை நம் மலையையும் தொட்டுப் போகிறது. 1860-களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசாங்கம் சிங்கோனா மரங்களை வைத்தது. அதன் பட்டையில் மலேரியாவுக்கான குயினைனோடு குயினிடின் என்ற பொருளும் உண்டு. 1912-ல் ஒரு டச்சு வியாபாரி, குயினைன் சாப்பிட்டுத் தன் நாடி சீராவதை வென்கெபாக் என்ற மருத்துவருக்குக் காட்டினார். 1918-ல் ஃபிரே என்பவர், அதிலும் குயினிடினே சிறந்தது என்று கண்டார். பின்பு டிஜாக்சினோடு சேர்த்தே அதைப் பலருக்குக் கொடுத்தார்கள். இரண்டும் சேர்ந்தால் இரத்தத்தில் டிஜாக்சின் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்பது 1978-ல், அளந்து பார்த்த பிறகே வெளிவந்தது. அதுவரை எத்தனை பேர் வயதின் பேரில் பழிபோட்டிருப்பார்களோ!

குயினிடினை அளப்பதிலும் ஒரு சங்கடம் இருந்தது. ஒளி பாய்ச்சி, அது மினுங்குவதை வைத்து அளந்தார்கள். மருந்து உடலில் மாறி உண்டாகும் பொருள்களும் கூடவே மினுங்கியதால், அளவு கூடுதலாய்க் காட்டியது. லிக்விட் குரோமட்டோகிராபி இதைத் தீர்த்தது. நுண்ணிய துகள்கள் அடைத்த குழாய்க்குள், பக்குவப்படுத்திய இரத்த மாதிரியைத் திரவத்தோடு அழுத்தித் தள்ளுகிறார்கள். துகளோடு ஒட்டுவது பிந்தும், ஒட்டாதது முந்தும். சந்தைக்குச் சேர்ந்து புறப்பட்டவர்களில், தெரிந்தவரைக் கண்டு நிற்கிறவர் பிந்துவதுபோல. ஒவ்வொன்றும் தன் நேரத்தில் வெளியே வருவதால் மருந்தை மட்டும் அளக்கலாம். குயினிடின் இன்று அபூர்வம். டிஜாக்சினைப் பெரும்பாலான ஆய்வகங்கள் எதிர்ப்பொருளைக் கொண்டே அளக்கின்றன. அதில் ஐயம் எழுந்தால் இந்தக் குழாய் முறைதான் துணை.

எங்களிடம் இவ்வித இயந்திரங்கள் இல்லை. மாதிரி மலையிறங்கிப் போகும் செலவையும் பரிசோதனைக் கட்டணத்தையும் உங்கள் காணிக்கை தாங்குகிறது. மாத்திரை விழுங்கி ஆறு மணி நேரமாவது கழிந்தே இரத்தம் எடுக்கவேண்டும். முந்தி எடுத்தால் அளவு ஏமாற்றும். ஆகையால் பாட்டியம்மா பரிசோதனை நாளில் காலை மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு முதல் பஸ்ஸில் வருகிறார்கள். இரத்தம் கொடுத்தபின் அதை விழுங்கிவிட்டு, இட்லி எங்கே என்று கேட்கிறார்கள்.