தக்கை ஆடினால் இழுக்கலாமா?

இரண்டு தூண்டில்களைத் தாங்கியில் நிறுத்திவிட்டு ஏரிக்கரையில் உட்காருகிறேன். தக்கை ஆடுகிறதே என்று இழுத்தால் வெறும் முள்தான் வருகிறது. மீன் கடித்ததை எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகர், மதுராந்தகம்

ஆட்டம் கடி அல்ல, வெறும் விசாரணை! ஜிலேபியும் பொடிக்கெண்டையும் மண்புழுவின் நுனியைக் கொறிக்கும்போது தக்கை துடிக்கும். அப்போது கையைக் கட்டிக்கொண்டிருங்கள். தக்கை ஒரு பக்கமாக நகர்ந்தாலோ சாய்வாக அமிழ்ந்தாலோ உடனே சுண்டுங்கள். சில சமயம் அமிழாமல், மேலெழும்பிப் படுத்துவிடும். அதுவும் கடிதான், தரையில் கிடந்த இரையை ஈயத்தோடு சேர்த்து மீன் தூக்கிவிட்டது என்று பொருள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

உங்கள் தக்கை பெரியது என்று சந்தேகிக்கிறேன். பாதித் தக்கை நீருக்கு மேலே நின்றால், இழுக்கும் மீனுக்குக் கனம் தெரிந்து இரையைத் துப்பிவிடும். நுனி மட்டும் தெரியும்வரை ஈயம் சேருங்கள். முள்ளும் சிறிதாக இருக்கட்டும்.

இரண்டு தக்கைகளை ஒரே நேரத்தில் கவனிக்கப் பச்சோந்தியால்தான் முடியும். ஒன்றில் தக்கையைக் கழற்றிவிட்டு, ஈயத்தைத் தரையில் இறக்கி, நரம்பை விறைப்பாக வைத்து, தூண்டில் நுனியில் சின்ன மணி கட்டுங்கள். நரம்பு திடீரெனத் தொய்ந்தாலும் கடிதான். மீன் கரைப்பக்கம் வருகிறது.

தாங்கியில் வைக்கும்போது ரீலின் டிராக்கைத் தளர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் பெரிய ரோகு ஒன்று தாங்கியோடு தூண்டிலையும் கொண்டுபோய்விடும்.