கன்னி ஆட்டுப் பாலும் பால்மாவு டப்பாவும்



கயத்தாறு பக்கத்துக் கிராமங்களுக்குச் செவிலியராகப் புதிதாக வந்திருக்கிறாய். முதல் வாரத்திலேயே வாசற்படியில் நிறுத்திக் கேட்பார்கள்: "பிள்ளைக்குப் பால் காணலை தாயி, என்ன பால் குடுக்க?" கேட்பவர் பெரும்பாலும் தாயாக இருக்கமாட்டார், பாட்டியாக இருப்பார். பதிலும் அவரிடமே இருக்கும், கொட்டிலில் கட்டிக் கிடக்கும் கன்னி ஆட்டின் வடிவில்.

கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர் கரிசலுக்கு உரிய இனம் அது. மழை பொய்த்த ஆண்டிலும் வேலிக்கருவை நெற்றைத் தின்று உயிர் பிடித்து, குடும்பத்தையும் தாங்கும். அதன் பாலை மக்கள் மருந்தாக நம்புவதில் வியப்பில்லை. ஆனால் ஆட்டுப்பாலில் ஃபோலிக் அமிலம் மிகக் குறைவு. அதை மட்டுமே குடித்த கைக்குழந்தைகள் வெளுத்துப்போவதைக் கண்ட ஜெர்மானிய மருத்துவர்கள், 1920-களிலேயே அதற்கு 'ஆட்டுப்பால் சோகை' என்று பெயரிட்டுவிட்டார்கள். பசும்பாலும் ஒரு வயதுக்குள் முக்கிய உணவாக ஒத்துவராது. இரும்புச்சத்து போதாது, அதிலுள்ள புரதமும் உப்புகளும் பிஞ்சுச் சிறுநீரகத்துக்குச் சுமை. தெருவில் சங்குக் கணக்கில் விற்கும் கழுதைப்பாலோ கொழுப்புக் குறைந்தது, காய்ச்சாதது. இதையெல்லாம் பாட்டியின் மனம் நோகாமல் சொல்ல வேண்டும். ஆடு வளர்த்து அந்த வீட்டை நிமிர்த்தியவர் அவர்.

"காணலை" என்ற சொல்லை மட்டும் அப்படியே நம்பிவிடாதே. முதலில் எடை பார். எடை சீராக ஏறி, நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போனால் தாய்ப்பால் போதுகிறது என்றே பொருள். உண்மையான நெருக்கடி, தாய் தீப்பெட்டி ஆலைக்கோ உளுந்துக் காட்டுக்கோ திரும்பும் நாளில்தான் தொடங்குகிறது. பீய்ச்சிய பாலைச் சுத்தமான பாத்திரத்தில் மூடி வைத்தால் 25 டிகிரி வெப்பத்தில் 4 மணி நேரம் தாங்கும். சித்திரை வெயிலில் அவ்வளவு நேரம் வைக்கக் கூடாது.

பால்மாவு தேவைப்படும் குழந்தைகளும் உண்டு. தாயை இழந்தவை, பாலிலுள்ள சர்க்கரையை உடைக்க முடியாத அரிய பிறவிக் கோளாறு உள்ளவை. எந்த மாவு என்பதை மருத்துவர் சொல்வார். வீட்டில் கலக்கிக் காட்டுவது உன் வேலை. டப்பா ஒரு வாரம் கூடுதலாக வரட்டும் என்று நாலு கரண்டிக்குப் பதில் இரண்டு போடுவார்கள். வயிறு நிறையும், எடை ஏறாது. லாரித் தண்ணீரைக் குடத்தில் நாள்கணக்கில் வைத்துப் புழங்கும் ஊரில், கொதித்த நீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் மாவைக் கலந்து, பிறகு ஆறவைத்துப் பாலாடையால் புகட்டச் சொல். பாட்டில் வேண்டாம்.

இப்போது கைப்பேசியைப் பார்த்துவிட்டு பாதாம் பால், ஓட்ஸ் பால், சோயா பால் என்று கேட்கும் இளம் தாய்மார்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு 2003-இல் இஸ்ரேலில் நடந்ததைச் சொல். ரெமீடியா என்ற சோயா பால்மாவில் வைட்டமின் பி1 போதிய அளவு இல்லை. டப்பாவின் மேலோ இருப்பதாக அச்சிட்டிருந்தது. சில குழந்தைகள் இறந்தன. பிழைத்த சிலருக்கு வாழ்நாள் முழுவதும் ஊனம். குழந்தைக்கென்றே தயாரித்த மாவில் ஒரு சத்துக் குறைந்ததற்கே அந்தக் கதி. பல சத்துகள் இல்லாத பாதாம் தண்ணீரை எட்டு மாதப் பிள்ளைக்கு எப்படி முக்கிய உணவாக்குவது?

ஒரு வயது கடந்துவிட்டால் கவலை பாதி குறையும். காய்ச்சிய பசும்பால் போதும். அது ஒவ்வாத பிள்ளைக்குக் கரிசலின் அடுப்படியே துணை நிற்கும்: கேப்பைக் கூழ் (100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 300 மில்லிகிராமுக்கு மேல்), உளுந்தங்களி, எள், முட்டை.

இன்னொன்று. 1992-இல் வந்து 2003-இல் இறுக்கப்பட்ட மத்தியச் சட்டம், இரண்டு வயதுக்குட்பட்டோருக்கான பால்மாவு, குழந்தை உணவு, பாட்டில் எதற்கும் விளம்பரமோ இலவச மாதிரியோ கூடாது என்கிறது. சுகாதார ஊழியருக்குப் பரிசு தருவதும் குற்றம். ஒருநாள் உன் மேசைமேல் ஒரு டைரியும் இரண்டு டப்பாவும் வந்து உட்காரும். கொண்டுவந்தவர் படியிறங்கும் முன்பே கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடு.